அளந்த அரிசியில் ஒரு பிடி

எங்கள் வீட்டில் பிடியரிசிக்கு ஒரு விதி இருந்தது. சாக்கிலிருந்து நேரே எடுக்கக் கூடாது. அன்றைய சோற்றுக்கு வேண்டிய அரிசியைச் சுண்டுப் பேணியால் அளந்து சுளகில் கொட்டிய பிறகு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி ரின்னில் போட வேண்டும். சாக்கிலிருந்து எடுத்தால் அது மிச்சத்தைக் கொடுப்பது, அளந்ததிலிருந்து எடுத்தால்தான் காணிக்கை என்பார் அம்மா. அளந்த அரிசியைத் திருப்பிச் சாக்கில் போடவும் கூடாது. அந்தப் பிடி யாருடைய தட்டில் குறைந்தது என்று யாரும் கேட்டதில்லை.

ஞாயிறு காலையில் ரின்னை எடுத்துக்கொண்டு புளியந்தீவில் இருந்த எங்கள் சபைக்குப் போவோம். ஆலய வாசலுக்கு உட்புறம் வயிறு அகன்ற ஒரு மண்பானை இருக்கும். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் அதில் அரிசியைக் கொட்டிவிட்டுத்தான் உள்ளே போய் உட்காருவாள். சிவப்பு நாட்டரிசி, சம்பா, வெள்ளைப் பச்சரிசி, குருணல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும்.

அந்த அரிசியில்தான் பின்னேர வகுப்பு நடந்தது. ஆறாம் ஆண்டு முதல் எட்டாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஆலயத்தின் பக்கத்து மண்டபத்தில் நடந்த வகுப்பு அது. புளியந்தீவின் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கைகளிலிருந்துதான் பெரும்பாலும் வருவார்கள். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருப்பார், அல்லது தகப்பன் கூலிக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். சின்னப் பிள்ளைகளை அயலவர் பார்த்துக்கொள்வார்கள். பெரியவர்கள் ரியூசனுக்குப் போய்விடுவார்கள். நடுவில் இருக்கும் இந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து பொழுது படும்வரை ஆள் இல்லை. அந்த வயதுப் பிள்ளைகளைப் போருக்குச் சேர்க்க வேறு சிலரும் தேடித் திரிந்த காலம் அது.

முதலில் கஞ்சி, பிறகு சின்ன செபம், ஒரு பாட்டு, அதன் பிறகு பாடம். கஞ்சி முதலில் வருவதற்குக் காரணம் இருந்தது. பாதிப் பேர் மத்தியானம் சாப்பிடாமல்தான் வருவார்கள். கலந்த அரிசி என்பதால் கஞ்சி ஒருநாளும் ஒரே பதமாக அவியாது. சம்பா குழைந்து போயிருக்கும், நாட்டரிசி பல்லில் நறுக்கென்று கடிபடும். பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவார்கள். "எனக்கு நாலு வீட்டு அரிசி வந்திருக்கு" என்று ஒருவன் சொன்னால், அடுத்தவன் ஐந்து வீடு என்பான்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் படம் வரையும் படிப்பை முடித்த ஆண்டில் அங்கே உதவிக்குப் போகத் தொடங்கினேன். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு மனம் நிலைகொள்ளும். ஆகவே வகுப்பின் ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஒவ்வொருவரிடமும் சில பிள்ளைகளை ஒப்படைப்பார்கள். பாடப் புத்தகத்தைத் திறக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையிடமும் "இண்டைக்கு என்ன நடந்த?" என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை அவசரப்படக் கூடாது. போதகர் எங்களுக்குச் சொல்லித் தந்த முறை இவ்வளவுதான்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு மறுநாள். பண்டிகை வாரம் என்பதால் பானை கழுத்துவரை நிறைந்திருந்தது. ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே வெளியே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. கல்லடிப் பாலத்தைக் கடந்து நனைந்த உடுப்போடு சனம் வந்தது. சிலர் பிள்ளைகளைச் சுமந்து வந்தார்கள். சிலர் வெறுங்கையோடு வந்து, வெறுங்கை என்பதை இன்னும் நம்பாமல் நின்றார்கள். அன்று நாங்கள் செய்தவை எனக்கு வரிசையாக நினைவிருக்கின்றன. உட்காரும் வாங்குகளை நகர்த்தினோம், பாய் விரித்தோம், பானையைக் கவிழ்த்து உலை வைத்தோம். அந்தப் பானை அடிவரை காலியானதை நான் அன்றுதான் முதலில் கண்டேன்.

பிறகு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வந்தது. நல்ல மனிதர்கள். மண்டபத்துக்குக் கூரை மாற்றினார்கள், மேசை கதிரை கொடுத்தார்கள், உதவிக்கு வரும் எங்களுக்குச் சிறு கொடுப்பனவும் கொடுத்தார்கள். கஞ்சிக்குப் பதிலாகப் பால் பக்கற்றும் பேக்கரிப் பணிசும் வந்தன. வகுப்புக்கு வரும் எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும் என்றார்கள். யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாத பிடியரிசிக்கு எப்படிப் பற்றுச்சீட்டு எழுதுவது? அதோடு சபைப் பெண்களில் பலர் அப்போது அகதிகளாகி நிவாரண அரிசியில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிவில் சபைச் செயலாளர் அன்பாகத்தான் அறிவித்தார். தாய்மார் இனிப் பிடியரிசிக்காகச் சிரமப்பட வேண்டியதில்லை, கர்த்தர் வேறு வழி திறந்திருக்கிறார் என்றார். சிலர் தலையசைத்தார்கள். அம்மா அடுத்த ஞாயிறும் ரின்னோடு வந்திருந்தார். அதைத் திறக்காமலே மடியில் வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டு போனார்.

பானையை யாரும் வீசவில்லை. மழைக்காலம் வந்தபோது அதற்குள் குடைகளை வைக்கத் தொடங்கினார்கள்.

என்னிடம் ஒப்படைத்த பிள்ளைகளில் ஒருத்தி இரண்டு மழைக்காலம் கழித்து வந்தாள், ஆறாம் ஆண்டில் சேர்ந்த புதிதில். தகப்பன், ஆறு என்று ஊரில் சொல்லும் வாவியில் வீச்சு வலை போடுபவர். நாவலடியில் வீடு இருந்தது. தாயையும் தம்பியையும் கடல் கொண்டுபோனது. நாலு பேரில் மிஞ்சியது இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் புளியந்தீவில் ஒரு கடைக்குப் பின்னால் பலகை அடித்த அறையொன்றில் வாடகைக்கு இருந்தார்கள்.

தகப்பன் முதல்நாள் மண்டப வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கன், கோவிக்கப்படாது. நாங்க மாமாங்கத்துப் புள்ளையாரக் கும்பிடுற ஆக்கள்."

அதற்குள் போதகர் வந்துவிட்டார். "இஞ்ச சாப்பாடு கட்டாயம், செபம் விருப்பம். புள்ள எங்கட புள்ளையாரத்தான் கும்பிடுவன் எண்டாலும் கண்ண மூடிக்கொண்டு இருந்தாச் சரி."

தகப்பன் சிரித்தார். பிறகு தன் நிலைமையைச் சொன்னார். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அவர் தோணியில் இருப்பார். பொழுது படுமுன் தோணிகள் கரைக்கு வந்துவிட வேண்டும் என்று அப்போது படையினரின் கட்டளை. ஆகவே ஆறு மணிக்குள் வந்துவிடுவார். நடுவில் உள்ள நேரத்துக்குத்தான் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும். கிரானில் இருக்கும் அவருடைய அக்கா, பிள்ளையைத் தன்னிடம் விடச் சொல்லிச் சுனாமி நடந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா நல்லவதான். ஆனா இவளையும் விட்டுப்போட்டு நான் என்னத்துக்கு வீடெண்டு ஒண்டுக்குத் திரும்பி வாற?" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை பிள்ளையின் கையில் ஒரு பால்மா ரின் இருந்தது. திறந்தால் அரிசி. யாரோ அவருக்குப் பழைய கதையைச் சொல்லியிருக்கிறார்கள், இந்த வகுப்புக்குப் பிடியரிசி கொடுப்பது வழக்கம் என்று. இப்போது அது இல்லை, தேவையில்லை என்று நான் சொல்லி அனுப்பினேன். மறு வாரமும் ரின் வந்தது. அவர் பிள்ளையைக் கூப்பிட வந்தபோது நேரிலும் சொன்னேன்.

"எங்கட கோயில் திருவிழாவுக்கும் இவள்ர அம்மா பிடியரிசி எடுக்கிறவ. எனக்குப் புதுசில்ல," என்றார். "புள்ள சும்மா வந்து திண்டா எனக்கு ஒருமாதிரி."

மண்டபத்தைக் கூட்டி, பால் பக்கற்றுகளை வெட்டிக் கொடுக்கும் அன்ரி ஒருவர் இருந்தார். முன்பு கஞ்சி காய்ச்சியவர் அவர்தான். அந்த அரிசியை அவர் ஒரு சட்டியில் சேர்த்து வைத்து, வெள்ளிக்கிழமைகளில் தனக்கும் எங்களுக்கும் மட்டும் கொஞ்சம் கஞ்சி வைப்பார். "ஆம்பிளப் பிடி கா இது. நம்மட கையில ரெண்டு பிடிக்குச் சமன்," என்று சிரிப்பார்.

பிள்ளை அதிகம் பேசமாட்டாள். இண்டைக்கு என்ன நடந்த என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

"ஒண்டும் நடக்கல அக்கா."

"ஒண்டுமேயா?"

"ஒண்டும் நடக்காட்டி நல்லந்தானே."

அவளுக்கு அது சலிப்பான பதில் இல்லை என்று எனக்கு மெல்லத்தான் புரிந்தது. அவள் ஒரு நாளை அப்படித்தான் அளந்தாள். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் சண்டை நடந்து அகதிகள் ரவுணுக்கு வந்த மாதங்களில், செல் அடிக்கும் சத்தத்துக்கு மண்டபத்தின் யன்னல்கள் அதிரும். அன்றும் அவள் காதைப் பொத்திய கையை எடுத்துவிட்டு அதையே சொன்னாள். ஆறு மணி ஆகும்போது மட்டும் அவளுடைய கண் வாசலுக்குப் போகும். ஈரச் சாரத்தோடு தகப்பன் வந்து நின்றதும் புத்தகத்தை மூடுவாள். அவர் வாசலில் நின்றபடியே, மகளைச் செல்லமாக, "சாப்பிட்டியா மனே?" என்று கேட்பார். அவள் பணிசில் பாதியை நீட்டுவாள். அவருக்கென்று எடுத்து வைத்த பாதி.

போர் முடிந்த நாளில் தெருவில் வெடி கொளுத்தினார்கள். மண்டபத்தில் இருந்த பலருக்கு வன்னியில் உறவுக்காரர் இருந்தார்கள். போதகர் செபத்தை நீட்டவில்லை. நான் கேள்வியைக் கேட்கத் தயங்கினேன். அவள்தான் கேட்டாள்.

"இனி ஒண்டும் நடக்காதா அக்கா?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

கொஞ்ச நாளில் அந்த நிறுவனத்திலிருந்து வந்தார்கள். எல்லோருக்கும் கேக் கொண்டுவந்தார்கள். முகாம்களில் இருக்கும் சனத்துக்குத்தான் இப்போது உதவி அவசரம், ஆகவே இந்த மாதத்தோடு இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது என்று மனவருத்தத்தோடு சொன்னார்கள். அது உண்மைதான். முகாமில் இருந்தவர்களின் நிலைமை எங்களுக்கும் தெரியும். யாரையும் குறை சொல்ல முடியாத காரணத்தோடு மல்லுக்கட்டுவது கஷ்டம். கொடுப்பனவு இல்லாமல் வருவதாக எங்களில் சிலர் சொன்னோம். கொடுத்த மேசை கதிரைகள் இருந்தன. இல்லாதது சாப்பாடு. சாப்பாடு இல்லாமல் பின்னேரம்வரை அந்தப் பிள்ளைகளை இருத்த முடியாது.

பிடியரிசியை மறுபடி தொடங்குவது என்று சபை முடிவு செய்தது. குடைகளை எடுத்து, பானையைக் கழுவி, வெயிலில் காயவைத்து, வாசலுக்கு உட்புறம் பழைய இடத்தில் வைத்தோம். பெண்களின் கூட்டம் ஒன்று வைத்தார்கள்.

"பானைக்குள்ள குடை வெச்ச ஆக்கள் நீங்க. இப்ப எங்கட அரிசி வேணுமாக்கும்," என்றார் முன்வாங்கில் இருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரிக்க முயன்றார். ஆனால் அவர்கள் மறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு பானையில் அரை மட்டத்துக்கு அரிசி விழுந்தது. அன்ரி கஞ்சி காய்ச்சினார். நாலு வீட்டு அரிசி, ஐந்து வீட்டு அரிசி என்ற விளையாட்டைப் புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அரிசி குறைந்தது. முன்வாங்குக்காரரிடம் காரணம் கேட்டேன். அவருக்கு மனம் இல்லாமல் இல்லை.

"வேணாமெண்டில்ல கா. மறந்து போகுது. குக்கருக்குள்ள கோடு கிடக்கு, அந்தக் கோட்டுக்குப் போட்டுத் தண்ணிய விட்டு மூடினாப் பிறகுதான் ஞாபகம் வருது. அவிஞ்ச சோத்தக் கொண்டு வரட்டா?"

வீட்டில் அம்மாவைக் கவனித்தேன். காலமெல்லாம் பிடி எடுத்த கை. அவர் அரிசியை அளந்தார், சுளகில் கொட்டினார், கல் பொறுக்கினார், கழுவினார். நான் சொன்ன பிறகுதான் ஈர அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வழக்கம் மனதில் இருந்ததாகத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். மனதில் என்றால் நினைவூட்டினால் திரும்பி வந்திருக்கும். அது கையில் இருந்தது. சிரமப்பட வேண்டாம் என்று நாங்கள் கைக்குச் சொன்னோம், கை கேட்டுக்கொண்டது.

இந்த நேரத்தில்தான் பிள்ளை பெரியபிள்ளையானாள். கிரானிலிருந்து தகப்பனின் அக்காவான மாமி வந்து தண்ணி வார்த்துச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். நான் பார்க்கப் போன அன்று அந்தப் பலகை அறையில் மாமி தன் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை மூலையில் புதுச்சட்டையோடு இருந்தாள்.

"இந்தக் கதவுக்கு ஒழுங்கா ஒரு கொண்டி இல்ல. பின்னேரத்தில இவள் தனிய எப்படி இருப்பாள் தம்பி?"

"தனிய எங்க இருக்காள்? ஆறு மணிமட்டும் வகுப்பு. ஆறு மணிக்கு நான் வந்திருவன்."

"இப்ப ராவையில ஆத்துக்குப் போக விடுறாங்களாமே. எல்லாரும் ராவைக்குத்தான் போறாங்களாம். நல்ல இறாலாம்."

"நான் போகல்ல. புள்ள இருக்கு."

மாமி என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி சொல்லுங்க. வகுப்பு நடக்குமா?"

நடக்கிறது என்றேன். நடக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமி கெட்டிக்காரி. அந்த வித்தியாசத்தைக் கவனித்தார். பிறகு எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

சபை எவ்வளவோ பார்த்தது. கடைசியில் சனிக்கிழமை மட்டும் நடத்துவது என்று முடிவானது. ஒரு நாள் கஞ்சிக்கு மட்டும்தான் அரிசி சேர்ந்தது. மற்ற எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் அறிவித்துவிட்டு, அந்தத் தகப்பனிடம் மட்டும் நேரில் சொல்ல வாவிக் கரைக்குப் போனேன். அவர் தோணியின் விளிம்பில் இருந்து வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"சனிக்கிழமையெண்டா நானே ஆத்துக்குப் போகாம நிக்கலாம். மத்த நாளைக்கு என்ன செய்யிற?"

நான் மாற்று வழிகளை யோசித்து வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். எங்கள் வீட்டில் இருக்கலாம் என்பது முதலாவது. வகுப்பு நின்றதும் நான் முழுநேர வேலையில் சேர இருந்தேன். நானும் அம்மாவும் வேலையால் வரும் நேரத்தை அவரே கேட்டார், சரிவராது என்று அவரே தலையாட்டினார். அன்ரியின் வீட்டில் என்பது இரண்டாவது. அன்ரியின் வீட்டில் வளர்ந்த பொடியன்மார் இருந்தார்கள். மூன்றாவதை நான் சொல்லவில்லை.

"நீங்க வேணுமெண்டு செய்யல தங்கச்சி," என்றார். "நாலு வருசத்துக்கு என்ர புள்ளைய என்னோட வெச்சிருக்க விட்டீங்க. அத நான் மறக்கமாட்டன்."

நாலு வருடம் ஆகவில்லை, அதைவிடக் குறைவு. நான் திருத்தவில்லை.

வாரநாள் வகுப்பின் கடைசி நாளில் பிள்ளை வந்தாள். கஞ்சி குடித்தாள். செபத்தின்போது வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். அவளுடைய முறை வந்ததும் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"இண்டைக்கு ஒண்டும் நடக்கல அக்கா. நாளைக்குத்தான் மாமி வீட்ட போற."

"அங்கயும் பள்ளிக்கூடம் கிட்டத்தானே."

"ஓம். மாமி நல்லவ." புத்தகத்தைத் திறந்தபடியே, "அப்பாக்குச் சோறாக்கத் தெரியும். கறிக்குத்தான் உப்புப் போட மறந்து போவார். நீங்க கண்டா ஒருக்காச் சொல்லுங்க," என்றாள்.

ஆறு மணிக்கு அவர் வாசலில் வந்து நின்றார். சாப்பிட்டியா மனே என்று கேட்டார். அன்று பணிசு இல்லை. அவள் புத்தகப் பையை அவரிடம் நீட்டினாள். இருவரும் ஒழுங்கைக்குள் இறங்கிப் போனார்கள்.

அடுத்த வாரம் அவரைக் காணவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன் ஆலயத்தின் கேற்றடியில் நின்றார், செருப்பைக் கழற்றிவிட்டு. கையில் அதே பால்மா ரின்னும், இன்னொரு பையும் இருந்தன. பை கனத்தது.

"என்னண்ணன் இவ்வளவு?"

"கை ரெண்டு பேருக்குத்தான் அளக்குது தங்கச்சி. அளந்து கொட்டினாப் பிறகுதான் தெரியுது, ஓராள்தானே எண்டு. அளந்ததத் திருப்பிச் சாக்கில போடப்படாதெண்டு அவள்ர அம்மா சொல்லுவா." பையைக் காட்டினார். "இது அவள்ர பங்கு. ரின்னுக்குள்ள இருக்கிறதுதான் பிடியரிசி. ரெண்டையும் போட்டிருங்க."

கறிக்கு உப்புப் போடச் சொல்லி மகள் சொன்னதைச் சொன்னேன். ஓம் என்றார். உள்ளே வந்து இருக்கச் சொன்னேன். தோணி நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது இரவுக்கும் போகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டையும் பானையில் கொட்டினேன். வெறும் பானை என்பதால் அடியில் விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. உள்ளே இருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாரம் வேறு யாருடைய அரிசியும் விழவில்லை.

சனிக்கிழமை அன்ரி அந்த அரிசியைச் சுளகில் பரப்பினார்.

"யார்ர அரிசி மனே இது? எல்லாம் ஒரே இனமாக் கிடக்கு."

சொன்னேன். அவர் குனிந்து கல் பொறுக்கத் தொடங்கினார். பிள்ளைகள் வரிசையில் வந்து கோப்பையை நீட்டினார்கள். ஒருவன் கரண்டியால் கிண்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எல்லோருக்கும் ஒரே வீட்டு அரிசிதான் வந்திருக்கிறது என்றான். கஞ்சி ஒரே பதமாக அவிந்திருந்தது.